தேவாவோட ஷூவ தெனமும் போட்டுக்கறதப் பத்தி

அன்பு மவ வினிதாவுக்கு, கோவளத்துலேர்ந்து அம்மா எழுதிக்கிறது. இங்க நானும் உங்க நைனாவும் ஏதோ கீறோம், அந்த டப்ளின் குளிருல நீயும் மாப்பிள்ளையும் நோவு நொடி இல்லாம இருக்கணும்னு அம்மனை வேண்டிக்கிறேன். போன்ல சொன்னா அழுதுடுவேன், அதான் காயிதத்துல எழுதறேன். உன் தம்பி தேவாவுக்கு வாங்கி அனுப்புனியே, கணுக்கால் வரைக்கும் வர்ற பாஸ்கெட்பால் ஷூ, அத நீயும் ஒரு ஜோடி வாங்கப்போறேன், தெனமும் போட்டுக்க எப்டிம்மா கீது, தேவா எதனா சொல்லிகினு இருந்தானான்னு கேட்டியே. நான் தான்டி சொல்லணும், இப்ப நான் தான் போட்டுகினு கீறேன். கத்தாத. கால் பிசகிப்போயி வெறுங்காலோட மீன் ஏலத்துக்குப் போவ முடியல. நம்மாளுங்க செருப்புக் காலோட படகுல ஏற மாட்டாங்க இல்ல, அன்னிக்கும் அவன் ஷூவ மணல்ல கழட்டி வுட்டுட்டு தான் ஏறுனான். கடலு அவன எடுத்துகிச்சு, ஷூ மட்டும் வூடு வந்து சேந்துது.

நல்லது கெட்டது ரெண்டும் சொல்றேன் கேளு. கணுக்கால கெட்டியா புடிச்சிகினு நிக்குது, நாவலூர் அபார்ட்மெண்ட் வாசல்ல கூடையோட நாளெல்லாம் நின்னாலும் கால் மடங்கல. ஆனா அடி தட்டை, குதிகால் வலிக்கும், உள்ள ஒரு மெத்தை வெச்சுக்கோ. பக்கத்துல கீற ஓட்டையில மீன் தண்ணி பூந்துடுது, நனைஞ்சா லேசுல காயாது, கயிறு கட்டி அவுக்கறது ஒரே பேஜாரு. அவன் அளவு ஒம்பது, எனக்குப் பெருசு, முன்னால துணி அடைச்சிக்கிறேன். பொடவைக்குக் கீழ ஷூவப் பாத்து அபார்ட்மெண்ட் பொண்ணுங்க சிரிக்குதுங்க, சிரிக்கட்டுமே, வஞ்சிரம் வாங்கிகினு தானே போவுதுங்க.

ஆனா ஈர மணல்ல அது அழுத்தமா அடி வுடுதுடி. விடியக்கால தண்ணி ஓரமா நடந்துட்டுத் திரும்பிப் பாக்கறேன், தேவா என் பின்னாலயே வந்துகினு கீறான். அதே கட்டம் கட்டமான அடி, எத்தினி வாட்டி வாசல்ல பெருக்கிகீறேன், எனக்குத் தெரியாதா. அடுத்த வூட்டு சந்திரம்மா அதப் பாத்துட்டு, உம்புள்ள கடல்லேர்ந்து ஏறி வூட்டப் பாத்து நடந்து வந்துகீறான்னு உங்க நைனாகிட்ட சொல்லிட்டா, பாவி. அவன் போனதுலேர்ந்து கடக்கரப் பக்கம் தலை வெச்சுப் படுக்காத மனுசன் எழுந்து ஓடுனாரு. அதுலேர்ந்து தெனமும் போயி, அலை வந்து அழிக்கிற வரைக்கும் அந்த அடியவே பாத்துகினு குந்திகீறாரு. வூட்டுக்கு வந்து வாய்க்கு ருசியா சாப்புடறாரு. புள்ள வந்து போறான்னு கீற மனுசன்கிட்ட, அது நான் தான்யான்னு எப்டி சொல்வேன்? சொல்லாம எத்தினி நாளைக்கு ஏமாத்துவேன்? அவரு கண்ணுல படாம, நடந்துட்டு வந்ததும் ஷூவ கோணியில சுத்தி ஐஸ் பொட்டிக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிகினு இருந்தேன்.

நேத்து எடுக்கப் போனா காணோம். வாசல்ல வந்து பாக்கறேன், தொடச்சு, கயிறு கோத்து, ஜோடியா வெச்சிட்டு உங்க நைனா பக்கத்துல குந்திகீறாரு. என் மூஞ்சியப் பாக்கல. காஞ்ச மணல்ல அடி நிக்க மாட்டேங்குது சொர்ணம், தண்ணி ஓரமாவே நடன்னாரு. நான் போட்டுகினு கெளம்பிட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் மவராசனா மவராசியா இருங்க, வேளைக்கு சாப்புடு, ஈரத் தலையோட வெளிய போவாத. மறந்துடாத, உனக்கு வாங்கும்போது இன்னொரு ஜோடி சேத்து வாங்கி அனுப்பு, இதுல குதிகால் தேஞ்சு கட்டமெல்லாம் அழிஞ்சிகினு வருது. என் கால் அளவு கேக்காத. ஒம்பதே அனுப்பு.

உன்னையும் அவனையும் பெத்தவ,
சொர்ணம்