குழம்பில் போன கறுப்புத் தக்காளி

அன்பு மகன் பிரசாத்துக்கு அம்மா தேசம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அந்த அயர்லாந்துக் குளிரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். இது அவருக்குத் தெரியக் கூடாத சங்கதி. உன் சிநேகிதன் காதர் ஆபீஸ் வேலையாக ஒரு வாரம் அங்கே வருகிறானே, அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு நீ கொண்டுவந்த நாலு வகைத் தக்காளி விதையையும் அப்பா ஒன்று விடாமல் மொட்டை மாடியில் போட்டார். முட்டி வலியால் கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மனுஷன், செடி முளைத்ததும் ஆளே மாறிவிட்டார். அணிலுக்குப் பயந்து பழைய வலையைத் தைத்து மேலே கட்டினார், பட்டினப்பாக்கத்திலேயே தக்காளி பிடிக்கிற வலை நம் வீட்டில்தான். பச்சை வரி போட்டது சிவக்கட்டும் என்று காத்திருந்து காத்திருந்து அழுகவிட்டார், பழுத்தாலும் அது பச்சைதான் என்று நீ சொல்லியிருக்க வேண்டாமா? மஞ்சளை எலி தின்றது. குட்டித் தக்காளியைத் தின்றது நான். கறுப்பில் ஒரே ஒரு பழம் நின்றது, அது விதைக்கு என்று சொல்லி, துணி காயப்போடக்கூட என்னை மாடிக்கு விடவில்லை.

அந்தப் பழத்தைப் பிழிந்து விதையோடு ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்தார், மேலே இருக்கிற வழவழப்பு போகவேண்டுமாம். வைத்த இடம் அடுப்பு மேடை, என் புளி டம்ளருக்குப் பக்கத்தில். அன்றைக்கு சங்கரா மீன் குழம்பு. வாடை வரவில்லையா என்று கேட்காதே, முப்பது வருஷம் மீன் விற்ற மூக்குக்கு எந்த வாடை எட்டும்? குழம்பை இறக்கிய பிறகுதான் புளி டம்ளர் அப்படியே இருப்பதைப் பார்த்தேன், குழம்பில் போனது அவர் விதைத் தண்ணீர். சட்டென்று ஒரு நாட்டுத் தக்காளியைப் பிழிந்து அவர் டம்ளரில் ஊற்றிவைத்தேன். இப்போது அந்த விதையைத்தான் கழுவி, பேப்பரில் உலர்த்தி, கையில் விசிறியோடு காவல் இருக்கிறார். அது சிவப்பாகக் காய்த்தால் உடைந்துபோவார். பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் நான் தாங்க மாட்டேன் பிரசாத். காதரிடம் கறுப்பு விதை கொடுத்தனுப்பு, சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறேன்.

இவ்வளவு எழுதும்போது அப்பா வந்து, மடித்த காகிதம் ஒன்றைக் கவரில் வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனார். பிரித்துப் படித்துவிட்டேன், திட்டாதே. இப்படி எழுதியிருக்கிறார்: "நைனா, கொழம்பு சாப்பிட சொல்லோ பல்லுல வெத மாட்டிக்கிச்சு. உங்கம்மா கைமாறி ஊத்திட்டு, நாட்டுத் தக்காளிய வச்சு சமாளிச்சிகினு கீது. நா ஒண்ணும் கேக்கல. பாவம், அதுக்கு நாலு நாளா சோறே எறங்கல. தெரிஞ்சா மாதிரி காட்டிக்காத. கறுப்பு வெத அனுப்பு, நானே நைசா மாத்திடுறேன்."

பார்த்தாயா உன் அப்பாவை? நான் படித்ததை அவரிடம் சொல்லப்போவதில்லை. நீயும் வாயைத் திறக்காதே. காதரிடம் மறக்காமல் இரண்டு பொட்டலமாகக் கொடு, ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு.

மாதா உன்னைக் கைவிட மாட்டாள், தலைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வெளியே போ.

உன் மேல் உயிராக இருக்கும்,
அம்மா தேசம்மா