கிட்டங்கிக்குள் வீரன்

1996, சித்திரை 29, இரவு

மத்தியானம் சரக்கு வைக்கும் கிட்டங்கிக்குள் விட்டுப் பூட்டிய நாய், நாலு மணிக்குத் திறந்தபோது சாகக் கிடந்தது.

தகரக் கூரை. உள்ளே முழுக்க மிளகாய் வத்தல் மூட்டைகள். நான் சாப்பிட்டுத் தூங்கிவரும் வரை வீரனைக் காவலுக்கு உள்ளே வைத்துப் பூட்டுவது பழக்கம். சட்டியில் தண்ணீர் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அந்தத் தண்ணீர் வெந்நீராகச் சுட்டது.

சோடாக் கடையில் ஐஸ் வாங்கி அதன் உடம்பில் வைத்தேன். மாட்டு டாக்டர் வந்து கத்தினார். "அண்ணாச்சி, ஐஸ எடும் வே! சாதாத் தண்ணிய ஊத்தி விசிறும்." ராத்திரி தாண்டினால் பிழைக்குமாம்.

"அந்த அடுப்புக்குள்ள நீங்க ஒரு மணி நேரம் இருப்பியளா?" என்றாள் மனைவி.

இப்போது வீரன் முற்றத்தில் ஈரத்தரையில் கிடக்கிறது. என் செருப்புச் சத்தம் கேட்டாலே வாலாட்டும். நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டேன், வால் அசையவில்லை. பயமாக இருக்கிறது.

வீரன் பிழைத்தால், தினமும் பதினொரு மணிக்கே அதை வீட்டில் கொண்டுவந்து விட வேண்டும், அப்புறம்தான் எனக்குச் சோறு என்றாள் மனைவி. பிழைக்காவிட்டால் என்ன என்று இருவருமே பேசவில்லை. சரி என்று, நான் மறுபடி நாயை உள்ளே வைத்துப் பூட்டிவிடாதபடி, கிட்டங்கிச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டேன்.