பதினான்காம் பத்தி

புதன்கிழமை மாலை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை. சனிக்கிழமை போனில் உன் குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. "அந்தப் பத்தியை எடுத்துடும்மா. என் இன்டர்வியூ முடியற வரைக்குமாவது சும்மா இரும்மா" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். கோபம்தான், ஆனால் உன்மேல் இல்லை. போனில் சொன்னால் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க விடமாட்டாய், அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது பார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்தி உன் அப்பாவைப் பற்றியது. அதை நான் எடுக்கப்போவதில்லை. நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார்ந்துகொள்.

என் வேலை உனக்குத் தெரியும், அதன் விதி தெரியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் பல்கலைக்கழகத் துறையில் பேச்சு நடக்கும். நாட்டுப் பாதுகாப்பு, உளவு, வெளியுறவு என்று பெரிய பெரிய தலைப்பு. ஓய்வுபெற்ற தூதர்களும் தளபதிகளும் வந்து, தங்கள் பேச்சை மட்டும் கேட்டிருந்தால் உலகம் இந்நேரம் எங்கேயோ போயிருக்கும் என்று ஒரு மணி நேரம் சொல்வார்கள். மாணவர்கள் மின்விசிறிக்குக் கீழே இடம்பிடித்துத் தூங்குவார்கள். நான் கடைசி வரிசைக்குப் பின்னால் மேசை போட்டு ஒலிப்பதிவு செய்வேன். மறுநாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலால் மிதியை அழுத்தி நிறுத்தி நிறுத்திக் கேட்டு, இருமல் தும்மல் தவிர மற்ற எல்லாவற்றையும் தட்டச்சு செய்வேன். வருடக் கடைசியில் அது புத்தகமாக வரும்.

அந்தப் புத்தகத்துக்கு ஒரு விதி உண்டு. துறையை ஆரம்பித்த பேராசிரியை வைத்துவிட்டுப் போனது. அரங்கில் சொன்னது சொன்னபடி அச்சாக வேண்டும். பேச்சாளர் தேதியைத் திருத்தலாம், ஊர்ப் பெயரைத் திருத்தலாம். எதையாவது எடுக்கச் சொன்னாலும் எடுப்போம். ஆனால் அந்த இடத்தில் 'இங்கே ஒரு பத்தி நீக்கப்பட்டது' என்று போட்டு, அவர்கள் எழுதிக் கொடுத்த காரணத்தையும் வார்த்தை மாறாமல் அச்சிடுவோம். கடைசியில், ஒலிப்பதிவைக் கேட்டவர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாத பேச்சு புத்தகத்தில் ஏறாது. பதினாறு வருடமாக அந்தக் கையெழுத்து என்னுடையது.

போன மாதம் வந்தவரை மாணவர்கள் 'பெரிய காது' என்பார்கள். காது என்னவோ சின்னதுதான். வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவில் முப்பது வருடம் ஊர் உலகத்தின் பேச்சையெல்லாம் ஒட்டுக் கேட்டவர் என்பதால் அந்தப் பெயர். நெருக்கடியில் முடிவெடுப்பது எப்படி என்று பேசினார். நன்றாகத்தான் பேசினார், பாவி. தேநீருக்கு எழுந்து போனவர்கள்கூடத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

பேச்சின் நடுவில் ஒரு கதை சொன்னார். பக்கத்து நாட்டில் ஆட்சி கவிழ்ந்த சமயம், தூதரகத்தைக் காலி செய்துகொண்டு கிளம்பியிருக்கிறார்கள். கடைசி வண்டியில் இவரும் நான்கு பேரும், பின்சீட்டு வரை ஆவணப் பெட்டிகள். எல்லைப் பாலத்துக்கு முன்னால் இன்னொரு பெட்டி வந்து சேர்ந்திருக்கிறது. வண்டியில் இடமில்லை. பெட்டியா, ஆளா? இவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு மனப்பாடம்: "எங்க மொழிபெயர்ப்பாளனை இறங்கச் சொன்னேன். அவனுக்கு அந்த ஊர் பாஷை தெரியும், சமாளிச்சுக்குவான்னு நினைச்சேன். ஆளு ஒரு வார்த்தை பேசல. இறங்கினவன், பெட்டி ஆடக்கூடாதுன்னு தன் சீட் பெல்ட்டை அதுக்குப் போட்டுவிட்டான்!"

அரங்கம் சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை.

உனக்கு நினைவிருக்காது, அப்போது உனக்கு ஐந்து வயது. காய்கறிப் பைக்கு பெல்ட் போட்டவர் உன் அப்பா. உன் துணிப் பொம்மையைத் தனியாக உட்கார வைத்து அதற்கும் போட்டவர். "பிரேக் போட்டா அதுக்கும் வலிக்கும்ல?" என்று உன்னிடம் சொல்வார், நீயும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவாய். அவரும் தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளர்தான். இன்னொரு மொழிபெயர்ப்பாளன் இப்படிச் செய்திருப்பானா? இருக்கலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அழுதுகொண்டே தட்டச்சு செய்தேன். அது பதினான்காம் பத்தியாக அமைந்தது.

நமக்கு வந்த கடிதம் என்ன சொன்னது என்று உனக்குத் தெரியும். 'தங்கள் கணவர் மேலதிகாரியின் அனுமதியின்றி வாகனத்தை விட்டு இறங்கிச் சென்றார். அதன்பின் தகவல் இல்லை.' அவ்வளவுதான். பத்தொன்பது வருடமாக நாம் குடித்தனம் நடத்தியது இந்த இரண்டு வரியோடுதான். இப்போது நீ இன்டர்வியூவுக்குப் போகும் அதே வெளியுறவு அலுவலகத்தின் முகப்பில், பணியில் உயிர்விட்டவர்களின் பெயர்ப் பலகை இருக்கிறது, அதில் அவர் பெயர் இல்லை. அங்கே வேறு குடும்பம் வைத்திருந்தார் என்றார்கள். ரகசியத்தை விற்றுவிட்டார் என்றார்கள். உன் பள்ளிக்கூடத்தில் 'ஓடிப்போனவன் மகள்' என்று கூப்பிட்ட அன்று நீ சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். அதிலிருந்து எந்தப் படிவத்திலும் தந்தையின் தொழில் என்ற கட்டத்தை நீ நிரப்பியதில்லை. நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். அது என் தப்பு.

தட்டச்சு செய்ததை வழக்கம்போல் பேச்சாளர் பார்வைக்கு அனுப்பினோம். அவர் அதைத் தன் பழைய அலுவலகத்தின் அனுமதிக்கு அனுப்பியிருக்கிறார். அங்கிருந்து எங்கள் துறைத்தலைவருக்குப் பதில் வந்தது. 'பத்தி 14 கோப்பு எண் வெ/மொ/212 தொடர்பானது. குறிப்பு ஏதுமின்றி நீக்கவும்.' பேச்சில் உன் அப்பாவின் பெயரையே அவர் சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை, வருடம் சொல்லவில்லை. யாரென்று கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லாத பத்தி அது. அதை மூடி மறைக்க வந்த கடிதத்தில் கோப்பு எண்ணைப் போட்டிருக்கிறார்கள்! எண் போடாமல் அந்த அலுவலகத்தில் யாருக்கும் கடிதம் எழுதத் தெரியாது, கை பழகிவிட்டது. நான் வீட்டுக்கு வந்து, உன் சான்றிதழ்கள் இருக்கும் பெட்டியின் அடியிலிருந்து நமக்கு வந்த பழைய கடிதத்தை எடுத்தேன். மேல் மூலையில் வெ/மொ/212. எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதே.

எங்கள் துறைத்தலைவர் நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். பயம் வந்தால் தண்ணீர் குடிப்பார். கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொன்னதும் ஒரு குடுவையைக் காலி செய்துவிட்டு, "மேடம், வேற யாரையாவது போடச் சொல்லட்டுமா?" என்றார். தாராளமாக, ஆனால் விதிப்படி கையெழுத்துப் போடுகிறவர் ஒலிப்பதிவைக் கேட்டாக வேண்டும், அப்புறம் இரண்டு பேருக்குத் தெரியும் என்றேன். அவர் அடுத்த குடுவைக்குப் போய்விட்டார். கையெழுத்துப் போடாத பெண் யார் என்று அவர்கள் விசாரித்திருப்பார்கள். அதன்பிறகுதான் உனக்கு யாரோ ஒரு சார் போன் செய்து, அக்கறையாக, 'அம்மாகிட்ட சொல்லி வைம்மா' என்றிருக்கிறார். உன்னை ஏன் தொட்டார்கள்? அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாளை காலை பதினொரு மணிக்கு புத்தகக் குழுக் கூட்டம். பெரிய காதும் வருகிறாராம். சேலையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன். மீதியை நாளை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை பிற்பகல்

போய்விட்டு வந்தேன். உன் அம்மா முழுசாகத்தான் இருக்கிறாள்.

குழு என்று பெயர்தான், மூன்று பேர்தான் இருந்தோம். மற்றவர்களுக்கெல்லாம் திடீரென்று வகுப்பு வந்துவிட்டதாம். பெரிய காது எழுந்து நின்று எனக்கு வணக்கம் சொன்னார். ஒரு மாதத்துக்கு முன் என் மேசையைத் தாண்டித்தான் மேடைக்குப் போனார், அப்போது என்னைப் பார்க்கக்கூட இல்லை. நான் பழைய கடிதத்தையும் புதுக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு எண்ணின்மேலும் விரலை வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அந்த எண்ணைப் போட்ட குமாஸ்தாவை மனசுக்குள் திட்டியிருப்பார்.

"ஏம்மா, அது வேற காலம். நாட்டுக்காக எடுத்த முடிவு" என்றார்.

நாட்டுக்காக இறக்கிவிட்டீங்க, சரி, 'இறங்கிப் போனான்'னு எழுதினது யாருக்காக என்று கேட்டேன்.

துறைத்தலைவர் தண்ணீரைத் தேடினார். நான்தான் குடுவையை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். பெரிய காது மெதுவாக, உங்க பொண்ணுக்கு இன்டர்வியூ வருதாமே என்றார். நான் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டேன். மிரட்டறீங்களா சார், ஞாபகப்படுத்தறீங்களா, எதுவா இருந்தாலும் கொஞ்சம் நிதானமா சொல்லுங்க, சொன்னது சொன்னபடி எழுதிக்கிறேன் என்றேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன். அவர் அதைத் திரும்பச் சொல்லவில்லை.

பிறகு விதியைச் சொன்னேன். பத்தியை எடுக்க வேண்டுமா, எடுத்துவிடலாம். ஆனால் அந்த இடத்தில் உங்கள் அலுவலகம் எழுதிய வரி, எண்ணோடு சேர்ந்து அச்சாகும். குறிப்பில்லாமல் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் என் கையெழுத்து இல்லை, உங்கள் பேச்சும் இல்லை. 'என்னதான்மா வேணும் உங்களுக்கு?' என்று கேட்டார். எனக்கு ஒன்றும் வேண்டாம் சார், நீங்கள் பேசியது நன்றாக இருந்தது, அப்படியே இருக்கட்டும் என்றேன்.

இந்த இடத்தில்தான் நான் எதிர்பாராதது நடந்தது. துறைத்தலைவர் குடுவையைக் கீழே வைத்தார். "சார், விதி விதிதான். நானும் மேடம் பக்கம்" என்றார். குரல் எலிக்குஞ்சு மாதிரிதான் வந்தது, ஆனால் வந்தது. பெரிய காது அச்சுப் படியை இழுத்து, பதினான்காம் பத்திக்குப் பக்கத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே நான் போட்டேன். எப்போதும் முதலெழுத்தை மட்டும் போடுகிறவள், இன்று முழுப் பெயரையும் போட்டேன், உன் அப்பா பெயரோடு சேர்த்து. படி அச்சகத்துக்குப் போய்விட்டது.

கிளம்பும்போது பெரிய காது வாசலில் நின்று, "வண்டிக் கதவை அவனே சாத்திட்டுப் போனாம்மா, மெதுவா" என்றார். மன்னிப்புக் கேட்கிறார் என்று புரிந்தது. நான் மன்னிக்கவில்லை. பலகையில் பெயர் ஏறட்டும், அப்புறம் யோசிக்கலாம். இரண்டு கடிதத்தையும் அந்தப் பத்தியையும் சேர்த்து அமைச்சகத்துக்கு மனு அனுப்பியாகிவிட்டது. மேலே என்ன எண் போட்டிருப்பேன் என்று உனக்கே தெரியும்.

இனி உன் விஷயம். வேலை போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. இரண்டு வருடம் கண் எரியப் படித்தது நீ. உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். திட்டு, வீட்டுக்கு வந்து நன்றாக உட்கார்ந்து திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் வாயை மூடிக்கொண்டு வாங்கிய வேலையில் நீ தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அதை என்னால் பார்க்க முடியாதடி. அவர்கள் உனக்கு வேலை தராவிட்டால் அவர்களுக்குத்தான் நஷ்டம். தந்தால், அந்த அலுவலகத்தில் வண்டியில் யாருக்கு இடமில்லை என்று முடிவு செய்யும் நாற்காலியில் ஒருநாள் நீ உட்காருவாய். அன்றைக்கு இந்தப் பத்தி உனக்கு ஞாபகம் வரட்டும்.

நேர்காணலுக்கு முன்னால் ஒரு படிவம் தருவார்கள். அதில் அந்தக் கட்டம் இருக்கும். இந்தத் தடவை காலியாக விடாதே, கண்ணு. 'மொழிபெயர்ப்பாளர், வெளியுறவுத் துறை' என்று தெளிவாக எழுது. யாராவது கேட்டால் நிமிர்ந்து உட்கார்ந்து, பக்க எண்ணோடு சொல். இதோடு அந்தப் பத்தியின் நகலை வைத்திருக்கிறேன்.

நீ நன்றாக இருப்பாய். எங்கள் இரண்டு பேர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

அன்று காலை நேரத்தோடு கிளம்பு. வண்டியில் ஏறியதும் பெல்ட் போட்டுக்கொள்.

அம்மா