தள்ளிவைக்கிறது என்ற சொல்

மே 9, வெள்ளி

அக்கா வழக்கம்போல டூங்கபிப் புறநகரிலிருந்து சாப்பிட வந்தா. நான் ரூபனைக் கட்டி யூதச்சியாக மாறிய நாளிலிருந்து எங்கள் வெள்ளிக்கிழமை ஓய்வுநாள் விருந்து மேசையில் அவவுக்கென்று ஒரு கதிரை உண்டு. ரூபன் என்ற பெயரைக் கேட்டு, யாழ்ப்பாணத்துப் பெடியன் என்று நம்பிக் கல்யாணத்துக்கு வந்து திகைத்த சனம் இன்னும் சிரிக்கிறது. அவன் ஹங்கேரி யூதரின் பேரன்.

போகும்போது சொன்னா: "பதினெட்டாம் திகதி எங்கடை சேர்ச்சிலை வாக்கெடுப்பு. இஸ்ரேலோடை வியாபாரம் செய்யிற கம்பனியளிலை சபை போட்ட காசை எடுக்கப்போறம். நீ அண்டைக்கு முள்ளிவாய்க்கால் ஆராதனைக்கெண்டு வராதை."

ஏன் வரக்கூடாது? அப்பாவுக்கு இறுதி ஆராதனை நடந்ததும் அங்கேதான்.

மே 11, ஞாயிறு

போய்ப் பார்த்தேன். அறிவிப்புப் பலகையில்: 'இஸ்ரேலைத் தள்ளிவைக்கும் தீர்மானம்.' முதலீட்டை மீட்பது என்று எழுதினால் சபைச் செயலாளர் வரதராஜா அங்கிளுக்குக் கை சுளுக்கிவிடுமா? தள்ளிவைக்கிறது! ஊரில் யாரைத் தள்ளிவைத்தார்கள், எப்படித் தண்ணீர்கூடக் கொடுக்காமல் விட்டார்கள் என்று தெரியாத சனமா இது?

ரூபனுக்கு விளக்கினேன். அவனுடைய பூட்டனின் துணிக்கடையில் யாரும் வாங்கக்கூடாது என்று முதலில் சொன்னது அவர்கள் ஊர்ப் பாதிரியாராம். "அந்த அரசாங்கத்தைத் திட்டு, நானும் வருகிறேன். ஆனால் ஒரு தேவாலயம் இதைச் சொல்லும்போது எனக்கு அந்தக் கடைதான் கண்ணுக்குள் நிற்கிறது" என்றான்.

மே 14

அக்காவோடு போனில் சண்டை. "முள்ளிவாய்க்கால்லை நாங்கள் சாகேக்கை உலகம் பாத்துக்கொண்டு நிண்டது. காஸாப் பிள்ளையளைப் பாத்துக்கொண்டு என்னையும் சும்மா நிக்கச் சொல்றியோ? நீயும் சிலோன் கிரிக்கெட்டைப் புறக்கணிக்கச் சொல்லிப் பதாகை பிடிச்சனிதானே?"

பிடித்தேன். ரூபனும் பக்கத்தில் நின்றான். அந்தப் பிள்ளைகளைப் பார்த்து எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் கொழும்போடு வியாபாரம் செய்கிற கம்பனியை இதே சபை ஒருநாளாவது தொட்டதா? இஸ்ரேல் என்றவுடன் மட்டும் ஏன் இந்த வேகம்? — கேட்டேன்.

"ஞாயிறு வந்து வாய் திறந்தியெண்டால் உன்ரை வாசல்படி மிதிக்கமாட்டன்" என்று போனை வைத்துவிட்டா.

மே 16, வெள்ளி

அக்கா இன்றைக்கே சாப்பிட வரவில்லை. வராவிட்டால் போகட்டும். நான் போகத்தான் போகிறேன்.

மே 18, ஞாயிறு

முள்ளிவாய்க்கால் நினைவு ஆராதனை முடிந்து வாக்கெடுப்பு. எங்கள் சனத்துக்காக நானும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். பிறகு எழும்பினேன்.

"அரசாங்கத்தோடை சண்டை பிடியுங்கோ. தள்ளிவைக்கிறதெண்டால் முதல்லை என்னைத் தள்ளிவையுங்கோ. யூதச்சி இஞ்சைதான் நிக்கிறன்."

"பிள்ளை, அது சும்மா ஒரு சொல்" என்றார் வரதராஜா அங்கிள்.

"சும்மா சொல்லெண்டால் மாத்துங்கோ!"

'முதலீட்டை மீட்கும் தீர்மானம்' என்று மாற்றினார்கள். தீர்மானம் நிறைவேறியது. அக்காவும் கை தூக்கினா, என்னைப் பார்த்துக்கொண்டே.

மே 23, வெள்ளி

கதிரையைப் போட்டேன். மெழுகுவர்த்தி ஏற்றி முடியக் கதவு மணி அடித்தது. அக்கா, கையில் சட்டியோடு.

"கத்தரிக்காய்க் கறி. றால் போடேல்லை, உங்களுக்கு ஆகாதெண்டு." செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னா: "திருப்பிக் கேட்டாலும் கை தூக்குவன்."

"திருப்பிக் கேட்டாலும் எழும்புவன்."

"ஓம், எழும்பு. இப்ப சோத்தைப் போடு" என்று தன் கதிரையை இழுத்து இருந்தா.