நான் படித்துக் காட்டாத பத்திரம்

12-7-93, திங்கள்

“சார், பவானியைப் பத்தி இதுல இன்னா எழுதிக்கீது?”

1988இல் காந்தா என்னைக் கேட்ட கேள்வி. நலச்சங்கக் கட்டடத்தில், முத்திரைத்தாள் மேசைமேல் விரித்திருக்க, பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள். நான் சொன்ன பதிலும் நினைவிருக்கிறது. “எல்லாம் முறைப்படிதான் எழுதியிருக்கேன். போடும்மா.” போட்டுவிட்டாள். ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். நான் சொன்னதைச் சந்தேகப்பட அவளுக்குத் தெரியாது.

இன்று காலை வந்தாள். உள்ளே வரவில்லை. வெள்ளிக்கிழமை அவளைப் பிரிந்துபோன புருஷன் துரை பள்ளிக்கூடத்துக்குப் போய், அந்தப் பத்திரத்தின் ஜெராக்ஸைத் தலைமையாசிரியையிடம் காட்டி, குழந்தையை அழைத்துக்கொண்டு போய்விட்டான். மறைமலை நகரில் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. இரண்டாவதாக ஒருத்தியோடு குடும்பம். அங்கே குழந்தை இல்லை. பவானியைத் தாயிடமே விட்டுவிட்டு ஐந்து வருடம் எட்டிப் பார்க்காதவனுக்கு இப்போது மகள் நினைவு வந்திருக்கிறது.

“நீங்க எழுதின பேப்பர காட்டிதான் சார் இஸ்துகினு பூட்டான். டீச்சரம்மா சொல்றாங்க, ஜீவரத்தினம் சார் எழுத்து எங்களுக்குத் தெரியாதா, அவரே எழுதியிருந்தா சரியாத்தானே இருக்கும்னு.”

என் எழுத்தைப் பலகையில் பார்த்துப் பழகிய ஊர் இது.

13-7-93

உள்ளபடி எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

அன்று நலச்சங்கத் தலைவர் பக்தவச்சலம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். புருஷன் பெண்டாட்டிக்குள் ஒத்துவராவிட்டால் இந்தப் பக்கத்தில் கோர்ட்டுக்கு யார் போகிறார்கள்? நாலு பெரியவர்கள் உட்காருவார்கள். முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது என்று எழுந்துபோவார்கள். எழுத்து நன்றாக இருக்கும் என்று என்னைக் கூப்பிடுவது வழக்கம்.

நாலாவது வரி: “பெண் குழந்தை பவானி, வயது மூன்று, தகப்பன் பொறுப்பில் இருக்கும். தாய் இனி எக்காலத்திலும் உரிமை கோரமாட்டாள்.”

அங்கே என் பேனா நின்றது. பக்தவச்சலம், “எழுதுங்க வாத்தியாரே, அவன் எங்க வந்து கேக்கப் போறான்” என்றார். எழுதினேன்.

சொல்வதெழுதுதலில் பிள்ளைகள் பிழையில்லாமல் எழுதினால் பத்துக்குப் பத்து. வாக்கியம் நியாயமா என்று யாரும் கேட்பதில்லை. நானும் அப்படித்தான் எழுதினேன் என்று ஐந்து வருடம் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஆனால் அது மட்டுமா? அவளுக்கு இருபத்துமூன்று வயது. குழந்தை இல்லாவிட்டால் இன்னொரு கல்யாணம் சுலபம் என்று நானாகவே கணக்குப் போட்டேன். அவளைக் கேட்டேனா? அவள் கேட்டபோதாவது சொன்னேனா?

14-7-93

என் மனைவி பேபியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல், “தெரிஞ்சேதான் மறைச்சீங்களா?” என்று கேட்டாள். அவசரத்தில் என்று ஆரம்பித்தேன். “நான் அவசரத்தைக் கேக்கலை” என்றாள்.

19-7-93, திங்கள்

காந்தாவை அழைத்துக்கொண்டு செங்கல்பட்டு போனேன். இலவச சட்ட உதவியில் மனு கொடுத்ததற்கு சாமுண்டீஸ்வரி என்ற வக்கீலம்மாவை ஒதுக்கியிருந்தார்கள். நாற்பது வயதிருக்கும். சின்ன அறை. நாற்காலி இரண்டுதான். காந்தா உட்கார மறுத்தாள். வக்கீலம்மா தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு மேசையில் சாய்ந்து நின்று பேசினார்.

“முத்திரைத்தாள்ல எழுதிக்கிட்டா விவாகரத்து ஆயிடாதும்மா. அப்படி ஒரு வழக்கம் உங்க ஜனங்கள்ல காலங்காலமா உண்டுன்னு நிரூபிச்சா வேற. இல்லேன்னா கோர்ட்டுதான் குடுக்கணும். சட்டப்படி நீ இன்னும் துரையோட பெண்டாட்டி.”

காந்தா சிரித்துவிட்டாள். “அடப் பாவமே. இன்னும் அந்த ஆளோடயா வாய்ந்துகினுகீறேன்?”

நாற்பது வருடம் பாடம் நடத்தியவன் நான். இது எனக்குத் தெரியாது. தெரிந்த யாரையாவது கேட்டுப் பார்க்கவும் தோன்றவில்லை.

பிறகு குழந்தை விஷயம். பிள்ளையை யாரும் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க முடியாது, ஜட்ஜ் குழந்தையின் நலனைத்தான் பார்ப்பார் என்றார். ஆனால் எதிர்த்தரப்பு அந்த நாலாவது வரியை விடமாட்டார்கள். தாயே எல்லாம் தெரிந்து மனதார விட்டுக்கொடுத்தாள் என்று சொல்வார்கள். அதனால் முதலில் இதைச் சொல்லு, கையெழுத்துப் போடும்போது படித்தாயா என்று காந்தாவைக் கேட்டார்.

காந்தா என்னைப் பார்த்தாள். “சார் முழுசா படிச்சுக் காட்டினாரு மேடம். அப்ப அந்த வரி இல்ல. அப்பால யாரோ சேத்துக்கீறாங்க. சார் அப்பிடி எழுதுவாரா?”

என் மானத்தைக் காப்பாற்றுகிறாள். தன் குழந்தையின் வழக்கைக் கெடுத்துக்கொண்டு.

வக்கீலம்மா ஜெராக்ஸை என் பக்கம் நீட்டினார். எல்லா வரியும் ஒரே எழுத்து, ஒரே இடைவெளி. எவராலும் இடையில் எதையும் நுழைத்திருக்க முடியாது. அது அவருக்கும் தெரிந்தது. “நீங்க சொல்லுங்க சார்.”

கண்ணாடி கொண்டுவரவில்லை, வீட்டில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது.

20-7-93

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

1-8-93, ஞாயிறு

சர்ச்சில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். பேபி தனியாகப் போய்வந்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கணக்கு தப்பாக வந்தால் விடையை மையால் அழித்துவிடுவான். அவனிடம், “தப்பா போட்டா கால் மார்க்காவது தருவேன்டா, அழிச்சா முட்டைதான்” என்பேன். எத்தனை வருடம் சொல்லியிருப்பேன் இதை!

3-8-93, செவ்வாய்

தனியாகச் செங்கல்பட்டு போனேன். வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டேன். நான்தான் எழுதினேன். படித்துக் காட்டவில்லை. அவள் கேட்டாள். அந்த வரி இருப்பது தெரிந்தே மறைத்தேன்.

அவர் கோபப்படவில்லை. எழுதிக்கொண்டார். “இதை நீங்க கூண்டுல ஏறிச் சொன்னா, அந்த வரி அவ விட்டுக்கொடுத்ததா ஆகாது. சொல்லுவீங்களா?”

சொல்வேன் என்றேன்.

“அதுக்கு முன்னாடி காந்தாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. அவ கோர்ட்டுல வச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது.”

சரி என்றேன்.

10-8-93

காந்தா வீட்டுத் தெருமுனை வரை போனேன். அவள் தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் தையல் வேலைக்குப் போய்த் திரும்பும் நேரம். பஸ்ஸிலிருந்து இறங்கினாள். “இன்னா சார், இந்தப் பக்கம்?” என்றாள். சும்மா நடந்து வந்தேன் என்றேன்.

22-8-93, ஞாயிறு

பக்தவச்சலம் வந்தார். விஷயம் எப்படியோ காதுக்குப் போயிருக்கிறது. கெட்டவர் இல்லை. எங்கள் தெருவுக்கு விளக்கு வாங்கித் தந்தவர்.

“வாத்தியாரே, நாம இன்னா கொலையா பண்ணோம்? ரெண்டு பேரும் அடிச்சிகினு கெடந்தாங்க, பிரிச்சு விட்டோம். அதுக்குப் போய் கூண்டுல ஏறுவாங்களா? நாளைக்கு எவன் உங்களுக்கு வணக்கம் சொல்லுவான்?”

“நாலாவது வரியை அவளுக்கு நாம சொல்லலையே” என்றேன்.

“பொம்பளைகிட்ட எல்லாத்தையும் சொல்லிகினு இருந்தா எந்தப் பஞ்சாயத்துதான் முடியும்?”

காபியை முழுதும் குடித்துவிட்டுத்தான் போனார். அவர் கேட்டதை நானும் எனக்குள் கேட்டிருக்கிறேன். எவன் வணக்கம் சொல்லுவான்? அதற்குப் பயந்துதான் இத்தனை நாள் காந்தாவிடம் சொல்லவில்லையோ?

14-11-93

மழை. மறைமலை நகர்ப் பள்ளி வாசலில் குழந்தையைப் பார்க்கப் போயிருக்கிறாள் காந்தா. பவானி கிட்டே வரவில்லையாம். “நீதான் எழுதிக் குடுத்திட்டியாமே” என்று கேட்டதாம்.

எட்டு வயதுக் குழந்தை. நான் எழுதியது அங்கே வரை போயிருக்கிறது.

இன்னும் காந்தாவிடம் சொல்லவில்லை.

20-1-94, வியாழன்

இன்று கூண்டில் ஏறினேன்.

சாமுண்டீஸ்வரி அம்மா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். பிறகு துரையின் வக்கீல் எழுந்தார். இளைஞர், மரியாதையாகத்தான் கேட்டார்.

“கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அவங்க உங்களைக் கேட்டாங்கன்னு சொல்றீங்க. அந்த நேரத்துல நாலாவது வரி என்னன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“அப்ப உங்க மாணவியையே ஏமாத்தினீங்க?”

“ஆமாம்.”

அவர் தாளை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜட்ஜ் எழுதிக்கொண்டிருந்தார். பின்னால் பெஞ்சில் காந்தா. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

தாம்பரம் திரும்பும் ரயிலில் அவள் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டாள். காலையில் இருவரும் ஒரே பெட்டியில்தான் வந்தோம்.

23-1-94, ஞாயிறு

காந்தா வந்தாள். நான் நாற்காலியைக் காட்டினேன். நின்றாள்.

“பக்தவச்சலம் ஏமாத்தியிருந்தா எனக்கு ஒண்ணுமில்ல சார். அந்த ஆளு அப்பிடித்தான். நீங்க…” புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். “அஞ்சு வருஷம் அந்தப் பேப்பர பொட்டில வச்சிகினு இருந்தேன். ஒரு நாள்கூட பிரிச்சுப் படிக்கல. சார் எழுதினதாச்சேன்னு.”

மன்னிப்பு கேட்டேன். அவள் பேபி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனாள்.

கூண்டில் சொல்வதற்கு முன் அவளிடம் சொல்ல எனக்கு ஐந்தரை மாதம் இருந்தது.

5-3-94

ஜட்ஜ் பவானியைத் தன் அறையில் வைத்துத் தனியாகப் பேசியிருக்கிறார். என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. வெளியே வந்த குழந்தை அம்மாவைப் பார்த்து, “நீ படிக்கவேயில்லையாமே” என்று மட்டும் கேட்டதாக வக்கீலம்மா சொன்னார்.

8-4-94, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. பவானி தாயிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பன் வந்து பார்க்கலாம். அந்தப் பத்திரம் குழந்தையைக் கட்டுப்படுத்தாது என்று ஜட்ஜ் எழுதியிருக்கிறார். என் சாட்சியத்தைப் பற்றி இரண்டு வரி. வக்கீலம்மா படித்துக் காட்ட வந்தார். வேண்டாம், நானே படிக்கிறேன் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். “சாட்சி தன் தவறை மறைக்கவில்லை” என்றிருந்தது. இவ்வளவு காலம் மறைத்தவனைப் பற்றி.

சந்தோஷம்தான். ஆனாலும் ஒன்பது மாதம். அதில் எட்டு மாதம் அந்தக் குழந்தை, அம்மா தன்னை எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறது.

18-4-94, திங்கள்

காந்தா சார்பில் முறையான விவாகரத்து மனு தயார். பழைய பத்திரம் எப்படி எழுதப்பட்டது என்று நானும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போடவேண்டியிருந்ததால் வக்கீலம்மா வரச் சொல்லியிருந்தார். பவானியும் வந்திருந்தாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தாள்.

மனு தமிழில்தான், ஒன்பது பக்கம். குமாஸ்தா கடைசிப் பக்கத்தைத் திருப்பி, போடவேண்டிய இடத்தில் விரலை வைத்தார். “சார்தான் கூட இருக்காரே, போடும்மா.”

காந்தா தாள்களை முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். எழுத்துக்கு அடியில் விரலை ஓட்டி, உதடு அசையப் படிக்க ஆரம்பித்தாள். குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு சொல் புரியவில்லை. என் வாய் திறந்துவிட்டது. அவள் வக்கீலம்மாவிடம் கேட்டாள்.

ஆறாம் பக்கத்தில் நிறுத்தினாள். “மேடம், பவானி பொறந்தது ஆடி மாசம். இங்க டிசம்பர்னு கீது.” வக்கீலம்மா பார்த்தார். தப்புதான். திருத்தி மறுபடி டைப் அடிக்க எடுத்துப் போனார்கள்.

காந்தா அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை.

“நீங்க டீ குடிச்சிட்டு வாங்க சார். எனக்கு இன்னும் நேரம் ஆவும்.”

எழுந்து வெளியே வந்தேன்.

எனக்குப் பிறகு இந்த நோட்டை யாராவது எடுத்துப் படித்தால் ஒன்று செய்து பாருங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட ஏதாவது ஒரு தாளை வீட்டில் தேடி எடுங்கள். அதை மூடி வைத்துவிட்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்.