பியூலாவின் மூக்கு

1969 பிப்ரவரி 2, ஞாயிறு

சைதாப்பேட்டையில் பியூலாவின் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பினோம். குரோம்பேட்டை வந்ததும் தோல் பதனிடும் ஷாப்புப் பக்கமிருந்து காற்றடித்திருக்கிறது. பெட்டியில் எல்லோரும் கைக்குட்டையையும் முந்தானையையும் மூக்கில் வைத்துக்கொண்டார்கள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு நாறலையா?" என்றாள் பியூலா.

நாறவில்லை. காய்ச்சல் விட்டு இரண்டு வாரமாகிறது, இன்னும் மூக்கடைப்பு என்று நினைத்திருந்தேன். மூக்கு அடைக்கவே இல்லை. காற்று தாராளமாகப் போய்வருகிறது. வாசனைதான் இல்லை.

பிப்ரவரி 3, திங்கள்

பெருங்களத்தூரில் எண்ணெய் வடிக்கும் ஷெட்டுக்குச் சீக்கிரமே போய், யாரும் வருமுன் ஒவ்வொரு டின்னாகத் திறந்து முகர்ந்தேன். துளசி, திருநீற்றுப் பச்சிலை, கற்பூரவள்ளி. எல்லாம் பச்சைத் தண்ணீர். கற்பூரவள்ளி எண்ணெய் கண்ணைக் கரித்தது, மணக்கவில்லை.

கேசவன் முதலாளியிடம் இலை வாங்க ஆள் உண்டு, பாய்லர் எரிக்க ஆள் உண்டு. வடித்த எண்ணெயில் எது பம்பாய் சோப்புக் கம்பெனிக்குப் போகலாம், எது போகக்கூடாது என்று முகர்ந்து சொல்வதற்கு நான். அது போனால் நான் அங்கே எதற்கு? நாற்பத்தாறு வயதில் வேறு எந்த வேலைக்குப் போவேன்?

பிப்ரவரி 6, வியாழன்

டாக்டர் சொன்னார்: "இந்த ஃப்ளூவுக்கு அப்புறம் சில பேருக்கு இப்படி ஆகுது. வந்தாலும் வரும், வராமலும் போகும்." இதைச் சொல்ல ஒரு டாக்டர்.

பிப்ரவரி 8, சனி

பியூலாவிடம் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று பயந்தேன். "குப்பியில கொஞ்சம் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க, நான் மோந்து சொல்றேன்" என்றாள். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பவளுக்கு எண்ணெயைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் வேறு வழி?

வடித்த அன்றே முகர்ந்தால் பாய்லர் வாடைதான் முந்தும், ஒரு நாள் ஆறட்டும் என்று கேசவனிடம் சொன்னேன். அது உண்மையும்கூட. "நீங்க சொன்னா சரி சார்" என்றுவிட்டார். அப்படிச் சொல்லாமல் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 12, புதன்

டிபன் பாக்ஸுக்குள் மூன்று ஹோமியோபதிக் குப்பிகள். பியூலா காப்பி குடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இது கிராம்பு கடிச்சாப்ல. பின்னாடி கொஞ்சம் வெல்லம்." சரி, நல்ல துளசி. "இது ஓமத்தண்ணி." கற்பூரவள்ளி. "இது சோம்பு. ஆனா நேத்து வச்ச சோறும் இருக்கு." திருநீற்றுப் பச்சிலை, ஈர இலையைக் குவித்து வைத்துவிட்டார்கள். புளித்திருக்கிறது, ஆகாது.

எனக்குச் சிரிப்பு வந்தது. நேற்று வைத்த சோறு என்பதைப் பம்பாய்க்காரனிடம் எந்த பாஷையில் சொல்வது?

மார்ச் 7, வெள்ளி

வாசனை வரவில்லை. மீன் குழம்பு வெந்நீர் மாதிரி இருக்கிறது. பியூலா நன்றாகத்தான் வைத்திருப்பாள்.

ஏப்ரல் 12, சனி

பாய்லரில் தீ அதிகமானதைக்கூட இப்போது கண்டுபிடிக்கிறாள். "அடிப்பிடிச்ச பால்" என்றாள். திங்கட்கிழமை ஷெட்டில் விசாரிக்க வேண்டும் என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். விசாரிக்கத் தேவையில்லை, அவள் சொன்னால் அப்படித்தான் இருக்கும். பதினான்கு வருஷம் நான் கற்றுக்கொண்டதை இவள் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து இரண்டு மாதத்தில் பிடித்துவிட்டாள். சந்தோஷப்பட வேண்டும். படவில்லை.

ஜூன் 9, திங்கள்

சோர்வு. சைக்கிளை பஸ் ஸ்டாண்டிலேயே போட்டுவிட்டு நடந்து வந்தேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஜூன் 12, வியாழன்

இன்று வடித்த துளசியை பியூலா இரண்டு தரம் முகர்ந்தாள். "வேணாங்க. இது அனுப்பாதீங்க. துளசிக்குள்ள யாரோ கற்பூரம் கொளுத்தினாப்ல இருக்கு."

ஊரப்பாக்கத்திலிருந்து வந்த மூட்டைகளை வடிக்குமுன் நானே பிரித்துப் பார்த்திருந்தேன். துளசிதான். கண் இன்னும் இருக்கிறதே எனக்கு. "உனக்கு ஜலதோஷமா?" என்று கேட்டேன். அவள் குப்பியை மூடி வைத்துவிட்டு, பிள்ளைகளின் நோட்டு திருத்தப் போய்விட்டாள்.

ஜூன் 13, வெள்ளி

துளசி சரி என்று சொல்லிவிட்டேன். லாரி போய்விட்டது.

ஜூலை 1, செவ்வாய்

டின்கள் பம்பாயிலிருந்து திரும்பி வந்துவிட்டன. பாதி நாய்த்துளசி என்கிறார்கள். வாடி நசுங்கிய பிறகு இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்குத்தான் தெரியும். யாருடைய மூக்குக்கோ.

கேசவன் என்னை ஒன்றும் கேட்கவில்லை. இலை பிரிக்கிற அஞ்சம்மாளைக் கூப்பிட்டார். "களையைக் கூடப் பிரிக்கத் தெரியாதா? நாளையிலிருந்து வராதே."

அவள் நேரே என்னிடம் வந்தாள். "சார், நீங்க மோந்துதானே அனுப்புனீங்க? உங்க மூக்குக்கே தெரியாதது என் கண்ணுக்கு இன்னா தெரியும்? முதலாளியாண்ட ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. டின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனாள் — கதவுவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே. நான் என்ன ஜென்மம்?

வீட்டில் பியூலாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் தட்டில் கை கழுவினாள். சோறு அப்படியே இருந்தது.

ஜூலை 2, புதன்

பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் பிடித்து ஷெட்டுக்கு வந்து நின்றாள். காலையில் கட்டிப்போன நீலப்புடவை, விரலில் சாக்பீஸ். வணக்கம் சொல்லிவிட்டு கேசவனிடம் நேராகவே ஆரம்பித்தாள்.

"சார், பிப்ரவரியிலிருந்து இவருக்கு வாசனை தெரியாது. நான்தான் வீட்ல மோந்து சொல்லிக்கிட்டிருக்கேன். அந்தத் துளசி வேணாம்னு சொன்னேன், இவர் கேக்கலை. அந்தம்மா மேல தப்பு இல்ல."

கேசவன் என்னைப் பார்த்தார். நான் பாய்லரைப் பார்த்தேன். பிறகு அவர் அலமாரியிலிருந்து குப்பிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார், லேபிளைச் சுவர்ப்பக்கம் திருப்பி. பியூலா ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஓமம், சோம்பு, கிராம்பு. கடைசிக் குப்பியில் நிமிர்ந்து, "இது முதல்ல குடுத்ததுதானே? எதுக்கு சார் ரெண்டு தடவை தர்றீங்க?" என்றாள்.

கேசவன் குப்பிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தார். "இன்னா சார், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றார் என்னிடம். திட்டியிருக்கலாம்.

அஞ்சம்மாளைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டார்.

ஜூலை 3, வியாழன்

"உங்களைக் காட்டிக்குடுக்கணும்னு வரலை. எனக்குச் சோறு இறங்கலை, அவ்வளவுதான்" என்றாள். தெரியும் என்றேன். தெரிந்தும் கோபம் போகவில்லை. அவள்மேலா என்மேலா என்று பிரித்துப் பார்க்கத் தெம்பில்லை.

ஜூலை 6, ஞாயிறு

சர்ச் முடிந்து வந்தால் வாசலில் கேசவன், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. சனிக்கிழமை மட்டும் டீச்சரம்மா வந்து பார்த்துக் கொடுத்தால் போதுமாம். எனக்கு இலை எடை போடும் வேலை, சம்பளத்தில் கை வைக்க மாட்டாராம். பியூலா என்னைக் கேட்டாள். எனக்கு என்ன, உன் இஷ்டம் என்றேன். எப்படிப்பட்ட குரலில் சொன்னேனோ, அவள் எழுந்து உள்ளே போனாள். காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் "வர்றேன் சார்" என்றாள்.

ஆகஸ்ட் 16, சனி

பம்பாயிலிருந்து சோப்புக் கம்பெனி ஆள் வந்திருந்தார். என்னோடு எத்தனையோ வருஷம் கடிதத்தில் மட்டும் பேசியவர், முகம் பார்த்ததில்லை. பியூலாவுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டேன். டின்களைத் திறந்து, குச்சியில் தொட்டு, ஒவ்வொன்றாக அவளிடம் நீட்டினேன்.

அந்த ஆள் என்னைக் காட்டி யார் என்று கேட்டார். கேசவன் தயங்கவே இல்லை. "மேடத்தோட ஹஸ்பெண்ட்" என்றார்.

வலித்தது. குச்சி சாய்ந்து ஒரு சொட்டு அவள் புடவையில் விழுந்தது. பியூலா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது.

மூன்றாவது டின்னுக்குத் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். கேசவன் அப்போதே அதைத் தள்ளி வைத்தார். நான் ஒரு டின்னை வேண்டாம் என்றால் எப்போதும் "நல்லா பாத்தீங்களா சார்?" என்று இன்னொரு தரம் கேட்பார். அவளிடம் கேட்கவில்லை.

நான் அதன் மூடியை இறுக்கிவிட்டு அடுத்த டின்னைத் திறந்தேன்.