அணைக்குக் கீழே மறுநாள்

என் காரின் பின்பெட்டியைத் திறந்தால் இன்னும் ஆற்றுச் சேறு நாறுகிறது. ஆற்றில் இறங்க நீ போடும் ரப்பர் காற்சட்டை அங்கேதான் கிடக்கிறது. கழுவிவிடு என்று அம்மா நச்சரிக்கிறார். நீ செத்து ஒரு மாரி போய்விட்டது. நாற்றமாவது இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

இங்கே கெல்சென்கிர்ச்சன் பள்ளியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாம். நீ ஆறுகளைப் பற்றிப் படிக்க பான் நகருக்குப் போனாய். நான் எசன் நகரில் மின்சார வேலை பழகினேன். நீ முதன்முதலில் என்னை அந்த அணைக்குக் கூட்டிப்போன நாள் நல்ல வெயில். அணை ஆற்றை மறித்து வாய்க்காலில் திருப்புகிறது. தண்ணீர் மின்நிலையத்துக்குள் புகுந்து, வெகுதூரம் தள்ளித்தான் மறுபடி ஆற்றில் விழுகிறது. இடையில் கிடக்கும் பழைய ஆற்றுக்குக் கசிவு மட்டும். கல்லும் காய்ந்த பாசியும். ஒரு குட்டையில் மீன்குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

"எடியே, பாலத்திலை ஆத்தின்ரை பேரை எழுதி வைச்சிருக்கிறாங்கள், பாத்தியே? பொய் சொல்ல வெக்கமில்லை" என்றாய்.

மின்நிலையத்தை மூடு என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. அதன் அனுமதி முடிகிறது, புதுப்பிக்கும்போது பழைய ஆற்றுக்கும் நாள்தோறும் தண்ணீர் விட எழுதிக்கொள்ளுங்கள் என்று அதிகாரிகளிடம் சொன்னாய். அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் நம் தமிழ்ச் சங்கத்தின் ஒன்றுகூடல் அணைக்கு மேலே ஏரிக்கரையில் நடந்தது. கூடாரமும் பிள்ளைகளுக்கு டீசேர்ட்டும் மின்நிறுவனத்தின் உபயம். ஆற்றுக்குத் தண்ணீர் விட்டால் ஏரி வற்றும், படகு சேற்றில் குந்தும் என்று அவர்களின் ஆள் வந்து பேசினான். சுத்தப் பொய். குறைவது டர்பைனுக்குப் போகும் தண்ணீர்தான், ஏரி இல்லை. நம்மவர்கள் இறைச்சி சுட்ட கையோடு வரிசையில் நின்று அவனுக்கு ஆதரவாகக் கையெழுத்து வைத்தார்கள்.

"தங்கச்சி, மீனுக்காகப் பிள்ளையளின்ரை படகை நிப்பாட்ட ஏலாது" என்றார் சங்கச் செயலாளர் உன்னிடம்.

"படகை ஆர் அண்ணை நிப்பாட்டச் சொன்னது? ஆத்துக்குக் கொஞ்சம் தண்ணி விடுங்கோ எண்டுறன்."

"ஓம் ஓம். படிச்ச பிள்ளையளுக்கு எல்லாத்திலையும் பிழைதான் தெரியும்" என்று சிரித்துவிட்டு இன்னொரு துண்டு இறைச்சியை எடுத்தார்.

திரும்பும்போது காரில் சொன்னாய்: "எத்தினை எல்லையை ஒளிச்சுக் கடந்து வந்த சனம்! இப்ப மீன் கடக்கக் கூடாதெண்டு கையெழுத்து வைக்குது."

போன மாதம், அனுமதியை முடிவு செய்யுமுன், அதிகாரிகள் நேரில் பார்க்க வந்தார்கள். உனக்குப் பதிலாக நான் போனேன். அன்று காலையில் நிறுவனம் மதகைத் திறந்துவிட்டிருந்தது. பழைய ஆறு நுரை தள்ளி ஓடியது. ஏரியில் படகு விடும் சங்கத்தின் தலைவர் கைதட்டினார். அதிகாரிகள் படம் பிடித்தார்கள். எல்லோருக்கும் போதுமான தண்ணீர் இருக்கிறதே என்றார் ஒருவர். நாளைக்கு வந்து பாருங்கள் என்றேன். டெர்மின் இன்றைக்குத்தான், குறித்த நாள் மாறாது என்றார். இந்த நாட்டில் ஆறும் டெர்மின் எடுத்துத்தான் ஓடவேண்டும்.

மறுநாள் போனேன். மதகு மூடியிருந்தது. தண்ணீரை நம்பி மேலே ஏறிவந்த மீன்கள் கற்களுக்கிடையில் துடித்துக்கொண்டிருந்தன. வாளியில் அள்ளியள்ளிக் கீழே கொண்டுபோய் விட்டேன். பாதிக்கு மேல் செத்துவிட்டன. படம் எடுத்து அதிகாரிகளுக்கு அனுப்பினேன். பதிலில் நன்றி மட்டும் இருந்தது.

நேற்று முடிவு வந்தது. அனுமதி நீட்டப்பட்டுவிட்டது, பழைய ஆற்றுக்கு அதே கசிவு. இயற்கை, பொழுதுபோக்கு, மின்சாரம் மூன்றுக்கும் இடையே சமநிலை காக்கப்பட்டதாம். நிறுவனத்துக்குத் தண்ணீர், நம்மவர்களுக்குப் படகு, மீனுக்கு ஒரு வசனம். செயலாளர் அண்ணை அடுத்த ஒன்றுகூடலுக்கு இப்போதே அழைப்பு அனுப்பிவிட்டார்.

ஆற்றின் மேல் உனக்கிருந்த அன்பு எனக்கும் தொற்றிக்கொண்டது என்று எழுதினால் நீயே சிரிப்பாய். அப்படி ஒன்றுமில்லை. நீ எங்கும் மறுநாள்தான் போவாய், கூட்டமும் கமராவும் கலைந்த பிறகு. அந்தப் பழக்கம் என்னிடம் தங்கிவிட்டது. இன்று காலையும் போனேன். நாளைக்கும் போவேன். அவர்கள் சமநிலை என்று பெயர் வைத்த அந்தக் கற்களின் மேல், யாராவது ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.